இரத்தினக்கல் சேகரிப்பு: தொடங்குபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரத்தினக்கற்களைச் சேகரிக்கத் தொடங்குபவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை, கல்லைப் பற்றித் தெரிந்துகொள்ளும் முன்பே அதை வாங்கிவிடும் அவசரத்தால் நேர்பவை. அவற்றுள் முதலாவது, நிறத்தை மட்டும் பார்த்துக் கல்லின் பெயரை முடிவு செய்வது. சிவப்பாக இருப்பதெல்லாம் மாணிக்கம் அல்ல. ஸ்பினல், கார்னெட், டூர்மலின், ஏன் வெறும் கண்ணாடிகூட அதே சிவப்பில் கிடைக்கிறது. பிரிட்டிஷ் அரச மகுடத்தின் முகப்பில் பதிக்கப்பட்டு, 'கறுப்பு இளவரசரின் மாணிக்கம்' என்று வழங்கப்பட்டுவரும் பெரிய சிவப்புக் கல்லே உண்மையில் ஸ்பினல்தான். அரண்மனையிலேயே இந்தக் குழப்பம் நிலவியிருக்கும்போது, புதியவர் ஏமாறுவதில் வியப்பில்லை.

ஒரு கல்லை இன்னதென்று உறுதி செய்பவை அதன் ஒளிவிலகல் எண் (உள்ளே நுழையும் ஒளி எவ்வளவு வளைகிறது என்பதைக் காட்டும் எண்), அடர்த்தி, உள்ளமைப்பு போன்ற பண்புகளே. மாணிக்கத்தின் ஒளிவிலகல் எண் 1.76 முதல் 1.77 வரை, ஸ்பினலுக்கு அது 1.72 அளவில் இருக்கும். மாணிக்கம் தன்னுள் நுழையும் ஒளியை இரண்டாகப் பிரிக்கும், ஸ்பினல் பிரிக்காது. டைக்ரோஸ்கோப் என்னும் விரல் நீளக் கருவி வழியாக மாணிக்கத்தை மெல்லத் திருப்பிப் பார்த்தால், அருகருகே தெரியும் இரண்டு கட்டங்களில் ஒன்று ஊதா கலந்த சிவப்பாகவும் மற்றொன்று ஆரஞ்சு கலந்த சிவப்பாகவும் மாறுவதைக் காணலாம். ஸ்பினலிலும் கண்ணாடியிலும் எப்படித் திருப்பினாலும் இரு கட்டங்களும் ஒரே நிறத்தில்தான் இருக்கும். முதல் கல்லுக்கு ஒதுக்கிய தொகையில் ஒரு பங்கை இத்தகைய கருவிகளுக்குச் செலவிடுவது வீண் போகாது என்பது என் கருத்து.

கல்லுக்கு வைக்கப்படும் விற்பனைப் பெயர்களை அப்படியே நம்புவதும் இதே வகைத் தவறுதான். 'ஸ்மோக்கி டோபாஸ்' என்று விற்கப்படுவது பெரும்பாலும் புகை நிறக் குவார்ட்ஸ், அதாவது படிகக்கல். 'ஹெர்கிமர் டயமண்ட்' என்பது நியூயார்க் மாநிலத்தின் ஹெர்கிமர் பகுதியில் கிடைக்கும் குவார்ட்ஸ் படிகம். செம்புத் துகள் மின்னும் 'கோல்ட்ஸ்டோன்' மனிதர் உருக்கிச் செய்த கண்ணாடி. எந்தக் கல்லானாலும் அதன் கனிமப் பெயர் என்ன என்று விற்பவரிடம் கேட்க வேண்டும்.

ஆய்வகத்தில் வளர்த்த கல்லையும் போலிக் கல்லையும் ஒன்றாகக் கருதுபவர்களும் உண்டு. ஆய்வகத்தில் வளர்த்த மாணிக்கம் வேதியியல் முறையில் மாணிக்கமே. கடினத்தன்மையும் ஒளிவிலகல் எண்ணும் இயற்கைக் கல்லுக்கு உள்ளவையே. சிவப்புக் கண்ணாடியோ மாணிக்கம்போலத் தோன்றும் வேறு பொருள். பிரான்சைச் சேர்ந்த ஒகுஸ்த் வெர்னேய் 1902-இல் வெளியிட்ட முறையில், அலுமினியம் ஆக்சைடு தூளைச் சுடரில் உருக்கிச் செய்யும் மாணிக்கங்கள் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகச் சந்தையில் உள்ளன. ஆகவே, பழைய நகையில் இருந்து எடுத்த கல் என்பதாலேயே அது மண்ணில் விளைந்ததாக இருக்க வேண்டும் என்று எண்ணுவது தவறு.

எல்லாவற்றிலும் அதிகமாகப் பணத்தை இழக்கச் செய்வது, கல்லுக்குச் செய்யப்பட்ட மாற்றங்களைப் பற்றிக் கேட்காமல் விடுவது. 'இயற்கைக் கல்' என்ற சொல் அது நிலத்திலிருந்து கிடைத்தது என்பதை மட்டுமே சொல்கிறது. அதன் பிறகு அதற்கு என்ன செய்தார்கள் என்பதைச் சொல்வதில்லை. சந்தையிலுள்ள நீலக்கற்களிலும் மாணிக்கங்களிலும் பெரும்பாலானவை நிறத்தையும் தெளிவையும் கூட்டுவதற்காகச் சூடேற்றப்பட்டவை. மஞ்சள் நிறச் சிட்ரின் என்று விற்கப்படுவதில் பெரும்பகுதி சூடேற்றிய அமெதிஸ்ட், அதாவது ஊதா நிறக் குவார்ட்ஸ். அடர்ந்த நீல டோபாஸ் கதிர்வீச்சுக்கு உட்படுத்திப் பிறகு சூடேற்றப்பட்டது. மரகதத்தின் விரிசல்களில் எண்ணெயோ பிசினோ நிரப்புவது நெடுங்கால வழக்கம். சூடேற்றுவது நிலையான மாற்றம் என்பதாலும் வணிகத்தில் ஏற்றுக்கொள்ளப்பட்டது என்பதாலும் அதை வெளிப்படையாகச் சொல்லி விற்றால் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால் விரிசல்களில் ஈயக் கண்ணாடி நிரப்பிய மாணிக்கத்தை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. அதில் எலுமிச்சைச் சாறு பட்டாலே உள்ளிருக்கும் கண்ணாடி அரிக்கப்படும். மோதிரத்தைப் பழுதுபார்க்கும்போது படும் தீச்சுடரும் அதைக் கெடுத்துவிடும். மேலும், 2000-களின் தொடக்கத்தில் பரவிய பெரிலியம் ஊடுருவல் முறையில் (கடும் வெப்பத்தில் பெரிலியம் என்னும் தனிமத்தைக் கல்லுக்குள் புகச் செய்யும் முறை) நிறமேற்றிய நீலக்கற்களையும் ஆரஞ்சு கலந்த இளஞ்சிவப்புக் கற்களையும் வீட்டுக் கருவிகளால் உறுதியாகக் கண்டுபிடிக்க இயலாது. ஆய்வகத்துக்குத்தான் அனுப்ப வேண்டும்.

அதற்காக லூப் என்னும் சிறிய உருப்பெருக்கிக் கண்ணாடி பயனற்றது என்று பொருளில்லை. பத்து மடங்கு பெரிதாக்கும் லூப்பை வாங்கிவிட்டு, அதைக் கைநீட்டும் தூரத்தில் பிடித்துக்கொண்டு ஒன்றும் தெரியவில்லை என்று சொல்பவர்களே அதிகம். லூப்பைக் கண்ணுக்கு ஒட்டிப் பிடித்து, இரு கண்களையும் திறந்து வைத்து, கல்லை இரண்டரை சென்டிமீட்டர் தூரம் வரை கொண்டுவந்து, பக்கவாட்டில் இருந்து ஒளி விழும்படி பார்க்க வேண்டும். அப்போது கண்ணாடியாக இருந்தால் உருண்டையான காற்றுக் குமிழ்களும், சுடரில் உருக்கிய கல்லாக இருந்தால் வளைந்து செல்லும் மெல்லிய கோடுகளும் தென்படலாம். சூடேற்றாத நீலக்கல்லில் பட்டிழை போன்ற ரூட்டைல் என்னும் கனிமத்தின் நுண்ணிய ஊசிகள் முறியாமல் இருப்பதுண்டு. கடும் வெப்பத்தில் அவை கரைந்து சிதைந்துவிடும். புதியவர் குறையென்று ஒதுக்கும் இந்த உட்பொருள்களே கல்லின் வரலாற்றைச் சொல்பவை. சிறு குறையும் இல்லாத பெரிய கல் மலிவாகக் கிடைத்தால்தான் ஐயம் எழ வேண்டும்.

கல்லைக் கீறிச் சோதிப்பதை அறவே விட்டுவிடுவது நல்லது. 1812-இல் பிரீட்ரிக் மோஸ் அமைத்த கடினத்தன்மை வரிசை, எந்தக் கனிமம் எதைக் கீறும் என்று மட்டுமே காட்டுகிறது. உடையாமல் தாங்கும் வலிமையை அது அளப்பதில்லை. வைரம் அவ்வரிசையில் பத்தாம் இடத்தில் இருந்தும், ஒரு குறிப்பிட்ட திசையில் அடி பட்டால் பிளந்துவிடும். எட்டாம் இடத்திலுள்ள டோபாஸும் அப்படியே. அவற்றைவிடக் கடினத்தன்மை குறைந்த ஜேட் எளிதில் உடையாது.

விலை பேசும்போது எடையை அளவென்று கொள்ளக் கூடாது. ஒரு கேரட் என்பது 200 மில்லிகிராம். நீலக்கல்லின் அடர்த்தி 4.0, குவார்ட்ஸின் அடர்த்தி 2.65 என்பதால், ஒரே எடையுள்ள இரண்டில் நீலக்கல் சிறியதாகவே தோன்றும். கேரட் ஒன்றுக்குச் சொல்லும் விலையை முழுக் கல்லின் விலை என்று எண்ணித் தலையாட்டிவிடுவதும் அடிக்கடி நடக்கிறது. பட்டை தீட்டிய விதத்தையும் பார்க்க வேண்டும். அச்சிட்ட தாளின் மீது கல்லின் முகப்பு மேலே இருக்கும்படி வைத்து நேர்மேலிருந்து பார்க்கையில் நடுவில் எழுத்துகள் தெளிவாகத் தெரிந்தால், அடிப்பகுதி ஆழமில்லாமல் வெட்டப்பட்டு ஒளி கீழே ஒழுகிப்போகிறது என்று பொருள். கடையின் கூர்மையான விளக்கொளியில் இந்தக் குறை மறைந்துவிடும். ஆகவே வெள்ளைத் தாளில் வைத்து, நேர் வெயில் படாத பகல் வெளிச்சத்திலும் ஒரு முறை பார்த்துவிட்டே முடிவு செய்ய வேண்டும்.

சான்றிதழ் என்ற பெயரில் தரப்படும் எல்லாத் தாள்களும் ஒன்றல்ல. விற்பவரே அச்சிட்டுத் தரும் தாளுக்கும், விற்பனையில் பங்கில்லாத ஆய்வகம் தரும் அறிக்கைக்கும் பெரிய வேறுபாடு உண்டு. அறிக்கையிலுள்ள எடையும் அளவும் கையிலுள்ள கல்லோடு பொருந்துகின்றனவா என்றும் பார்க்க வேண்டும். முதலீடாக நினைத்து வாங்குபவர்களுக்கு ஒன்று சொல்லலாம்: வாங்கிய விலைக்கே திரும்ப விற்பது தனிநபருக்கு எளிதல்ல.

பாதுகாப்பிலும் கவனம் தேவை. எல்லாக் கற்களையும் ஒரே டப்பாவில் கொட்டி வைத்தால் வைரமும் நீலக்கல்லும் மற்றவற்றைக் கீறிவிடும். தூசியில் குவார்ட்ஸ் துகள் கலந்திருப்பதால், அதைவிட மென்மையான கற்களை உலர்ந்த துணியால் தேய்ப்பதும் தீங்கே. குன்சைட் என்னும் இளஞ்சிவப்புக் கல்லும் சில அமெதிஸ்டுகளும் வெயிலில் நிறம் வெளுக்கும். மரகதத்தையும் ஓபலையும், மீயொலி அதிர்வால் நகைகளைக் கழுவும் அல்ட்ராசோனிக் கருவியில் இடக் கூடாது.

ஒவ்வொரு கல்லுக்கும் அதன் கனிமப் பெயர், எடை, கிடைத்த இடம், வாங்கிய நாள், விலை, விற்பவர் ஒப்புக்கொண்ட மாற்றங்கள் ஆகியவற்றை எழுதிய சீட்டை அதன் பொட்டலத்துக்குள்ளேயே வைக்க வேண்டும். தனி நோட்டில் மட்டும் எழுதி வைப்பவர்கள், ஒத்த தோற்றமுள்ள இரண்டு கற்கள் சேர்ந்த பிறகு எது எதுவென்று தெரியாமல் மீண்டும் ஆய்வகத்துக்கே செலவு செய்ய நேரிடும்.