கார் போர்ச்சில் பாசியும் விரிசலும்

கோலாலம்பூரில் மாலை மழை பிடித்துக்கொண்டால் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளின் கார் போர்ச்சில், அதாவது வீட்டு முன்னால் கார் நிறுத்தும் சிமெண்டுத் தரையில், பச்சைப் பாசி படர்ந்துவிடும். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் இதைத் தள்ளிப்போடவே கூடாது. வழுக்கி விழுந்தால் இடுப்பு எலும்புக்கே ஆபத்து.

1 பங்கு குளோரோக்ஸுக்கு (ப்ளீச் திரவம்) 10 பங்கு தண்ணீர் கலந்து, வெயில் ஏறுவதற்கு முன் காலையில் ஊற்றுங்கள். 15 நிமிடம் ஊறவிட்டு, முரட்டு பிரஷால் தேய்த்து நிறையத் தண்ணீர் விட்டு அலசுங்கள். வினிகரோ டாய்லெட் கழுவும் ஆசிட்டோ இதோடு சேரவே கூடாது, நச்சு வாயு கிளம்பும். கையுறை அவசியம்.

எண்ணெய்க் கறைக்கு மரத்தூளைத் தூவி ஓர் இரவு விட்டு, அப்புறம் சலவைத் தூள் போட்டுத் தேய்த்தால் பெரும்பாலும் போய்விடும்.

விரிசலை அடைப்பதில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். கம்பி பிரஷை உள்ளே விட்டுச் சுரண்டுங்கள். கறுப்பு மண்ணும் புல்வேரும் உதிரும். அந்தத் தூசி இருந்தால் சிமெண்டு பிடிக்காது. கழுவி, ஈரமாக இருக்கும்போதே 1 பங்கு சிமெண்டுக்கு 3 பங்கு நைஸ் மணல் குழைத்து, கொத்துக்கரண்டியால் அழுத்தி நிரப்புங்கள். நம்மூர் வெயிலில் சீக்கிரம் காய்ந்தால் மறுபடி வெடிக்கும். அதனால் ஈரச்சாக்கு போட்டு மூடி, குறைந்தது 3 நாள் நனைத்துக்கொண்டே இருங்கள். மழை வரும்போல் இருந்தால் மேலே ஒரு கேன்வாஸ்.

விரிசலின் ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் பூச வேண்டாம். அடிமண் இறங்கியிருக்கும், கொத்தனாரைக் கூப்பிடுங்கள்.