தெரிந்த ஜோக்கைச் சொல்வது எப்படி?

பழைய ஜோக்கை எடுக்கும்போதே "இது உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்காதீர்கள். தெரியாதவர் உஷாராகிவிடுவார், தெரிந்தவர் முடிவைப் போட்டு உடைத்துவிடுவார். எல்லோருக்கும் தெரியும் என்ற நினைப்போடு ஆரம்பிப்பதே நல்லது.

எங்கள் வீட்டு விசேஷங்களில் பந்தி முடிந்து வெற்றிலைத் தட்டு வந்தால், "அத்தை, அந்தக் குரு கதை" என்று பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள். பரமார்த்த குரு கதைதான். அதை வைத்தே சொல்கிறேன்.

முதலில் குருவின் ஐந்து சீடர்கள் பெயர். மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன். அவசரப்படாமல், ஒவ்வொரு பெயருக்கும் ஒரு முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். மாப்பிள்ளையை மட்டும் விட்டுவிடுங்கள், புதுசு.

அப்புறம் ஆற்றைக் கடக்கும் இடம். ஆறு விழித்திருக்கிறதா, தூங்குகிறதா என்று பார்க்க ஒரு சீடன் கொள்ளிக்கட்டையைத் தண்ணீரில் வைக்கிறான். 'சுர்ர்' என்கிறது, புகை வருகிறது, எல்லோரும் ஓட்டம். இந்தச் 'சுர்ர்' பல்லிடுக்கில் நிதானமாக வர வேண்டும். மறுமுறை அதே அணைந்த கட்டையை வைத்தால் சத்தமே இல்லை. அங்கே நீங்களும் சும்மா இருங்கள். யாராவது ஒருவர் "தூங்கிடுச்சு!" என்பார். சொல்லட்டும், அது அவர் பங்கு.

கரையேறி எண்ணும்போது உண்மையிலேயே விரல் நீட்டி எண்ணுங்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. உங்கள் மேல் விரல் திரும்பவே கூடாது. ஆளை ஆறு கொண்டுபோய்விட்டதென்று அழுகிறவர்களை வழிப்போக்கன் ஒருவன் வரிசையாக நிறுத்தி, முதுகில் ஒன்று வைத்து, அடிபட்டவனையே எண்ணச் சொல்கிறான். குருவோடு சேர்த்துக் கணக்கு ஆறு பேர் என்று சரியாகிவிடுகிறது. இந்த இடத்தில் குழந்தைகள் முதுகைக் காட்டிக்கொண்டு வந்து நிற்பார்கள், லேசாகத் தட்டினால் போதும்.

சிரிப்பு அடங்கிய பிறகு வேண்டுமானால் பூர்வீகம் சொல்லலாம், முன்னால் கூடாது. எழுதியவர் இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர், 18ஆம் நூற்றாண்டு. 1822இல் பாபிங்டன் இதை இங்கிலீஷில் பெயர்த்து லண்டனில் வெளியிட்டார். ஆனால் எண்ணத் தெரியாத கூட்டம் அதற்கும் முந்தையது. வித்யாரண்யரின் பஞ்சதசியில் பத்துப் பேர் ஆற்றைக் கடந்துவிட்டு, பத்தாமவனைக் காணோம் என்று அழுகிறார்கள். அங்கே அது வேதாந்தப் பாடம். இங்கிலாந்தில் கோத்தம் என்ற ஊர்க்காரர்கள் பன்னிரண்டு பேர் மீன் பிடிக்கப் போய் இதே கணக்கில் மாட்டுகிறார்கள். யார் யாரிடம் சுட்டார்கள் என்று ஆராய்ச்சி செய்தால் வெற்றிலை வாடிவிடும்.

சில ஜோக்குகளுக்குச் சமயம் அமைய வேண்டும். நீர்மோர் கொஞ்சம் அதிகமாகவே நீராக வந்தால் காளமேகத்தை எடுக்கலாம்: வானத்தில் கார், தரையில் விழுந்தபின் நீர், ஆய்ச்சியர் கைப்பட்டபின் மோர், மூன்று பெயரும் உனக்கே! பரிமாறுகிறவர் அடுத்த வரிசைக்குப் போன பிறகு சொல்லுங்கள். பாவம், கலந்தது அவரில்லை.

சர்தார்ஜி ஜோக்கெல்லாம் எனக்குப் பிடிக்காது. அதே முட்டாள்தனத்தை மடையன் பேரில் ஏற்றினால் சிரிப்பு குறையாது, மனம் நோக ஆளும் கிடையாது.

ஒன்று சொல்லி முடித்ததும் அடுத்ததை உடனே எடுக்காதீர்கள். "எங்க ஊர்ல இதை வேற மாதிரி சொல்வாங்க" என்று ஒரு மாமா தொண்டையைச் செருமுவார். உங்களுக்கு அதுவும் தெரிந்திருக்கும், காட்டிக்கொள்ள வேண்டாம்.