வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்ப்பது: ஏன், எப்படி, எப்போது

வாக்குச்சாவடியில் இருப்பவர் உங்கள் குடியுரிமையையும் வயதையும் முகவரியையும் அங்கேயே விசாரித்துக்கொண்டிருக்க முடியாது. அவர் பார்ப்பது பட்டியலை. இவர் வாக்களிக்கத் தகுதியானவரா, எந்தத் தொகுதி, வேறெங்காவது பெயர் இருக்கிறதா என்ற சரிபார்ப்பெல்லாம் முன்பே முடிந்திருக்க வேண்டும் என்பதால்தான் பதிவு. ஒருவருக்கு ஒரே வாக்கு என்பது நிற்பதும் இதனால்தான்.

ஜெர்மனியிலும் சுவீடனிலும் குடியிருப்போர் பதிவேட்டிலிருந்தே பெயர் தானாகப் பட்டியலுக்குப் போய்விடும். அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்தில் பதிவே கிடையாது. வேறு பல இடங்களில் நாமேதான் விண்ணப்பிக்க வேண்டும்.

முதலில் தேர்தல் அலுவலகத்தின் தளத்திலோ நேரிலோ உங்கள் பெயரைத் தேடுங்கள். கையில் அடையாள அட்டை இருப்பதால் பட்டியலிலும் பெயர் இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். பலர் ஏமாறுவது இங்கேதான். வீடு மாறியவர்களின் பெயர் நீக்கப்பட்டிருக்கலாம். விசாரணைக் கடிதம் பழைய முகவரிக்குப் போயிருந்தால் அது உங்களுக்குத் தெரியவும் வராது.

பெயர் இல்லையென்றால் வயதுச் சான்று, முகவரிச் சான்று, கேட்டால் குடியுரிமைச் சான்று ஆகியவற்றோடு விண்ணப்பியுங்கள். பெயரும் பிறந்த தேதியும் எல்லா ஆவணங்களிலும் ஒன்றுபோல இருக்கட்டும். ஓரெழுத்து மாறினாலும் சரிபார்ப்பில் சிக்கலாம். புது ஊருக்கு வந்தவர்கள் பழைய முகவரியைத் தவறாமல் குறிப்பிடுங்கள். இரண்டு இடத்தில் பெயர் இருப்பது இந்தியா உட்படப் பல நாடுகளில் சட்டப்படி கூடாது.

காலக்கெடுவில்தான் அதிகம் பேர் தவறவிடுகிறார்கள். இந்தியாவில் வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாளோடு அந்தத் தேர்தலுக்கான பட்டியல் மூடப்படும். விண்ணப்பத்தை விசாரிக்கவும் நாள் தேவை என்பதால் அதற்கு வெகு முன்பே கொடுத்துவிடுங்கள். பிரிட்டனில் வாக்குப்பதிவுக்கு 12 வேலை நாள்களுக்கு முன்பு முடிகிறது. தேர்தல் அறிவிப்பு வரட்டும் என்று காத்திருப்பவர்களுக்குச் சில நாள்களே மிஞ்சும்.

விண்ணப்ப எண்ணைக் குறித்துவையுங்கள். வரைவுப் பட்டியல் வந்ததும் பெயர், வயது, முகவரி மூன்றையும் பாருங்கள். பிழையிருந்தால் ஆட்சேபத்துக்கான நாள்களுக்குள் எழுதிக் கொடுங்கள். இறுதிப் பட்டியலிலும் ஒருமுறை தேடி, சாவடி எது என்று உறுதிசெய்யுங்கள்.

வாக்குப்பதிவு நாளில் பெயர் இல்லையென்று தெரிந்தால், அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் தற்காலிக வாக்குச்சீட்டு கேட்கலாம். தகுதி உறுதியானால் பிறகு எண்ணுவார்கள். இந்தியாவில் அந்த வழி இல்லை.