பி.எச்.பி.யில் நாமே பிழைச் செய்தி எழுப்புவது எப்படி?

வலைத்தளங்களுக்கு நிரல் எழுத உதவும் மொழி பி.எச்.பி. வயது என்ற இடத்தில் -5 வந்தால் அது கண்டுகொள்ளாது. எண்தானே என்று கணக்குப் போட்டுவிடும். அது தப்பு என்பது நமக்குத்தான் தெரியும். அதை எடுத்துச் சொல்ல உதவும் ஃபங்ஷன்தான் ட்ரிக்கர்_எரர்.

முதலில் ஒரு நிபந்தனை எழுதுவோம். இஃப், ட்ரிக்கர்_எரர் போன்றவற்றைக் கோப்பில் ஆங்கில எழுத்தில் அடிக்கவும். $வயது தமிழிலேயே இருக்கலாம், பி.எச்.பி. ஏற்றுக்கொள்ளும்.

இஃப் ($வயது < 0) {
ட்ரிக்கர்_எரர்("வயது 0 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும், வந்தது: $வயது", ஈ_யூசர்_வார்னிங்);
}

செய்தியைக் கவனியுங்கள். "வயது தவறு" என்று மட்டும் எழுதினால், திருத்த வருபவர் மறுபடி முதலிலிருந்து தேட வேண்டும். என்ன வரவேண்டும், என்ன வந்தது, இரண்டும் செய்தியில் இருக்கட்டும். செய்தியோடு வரும் வரி எண், ட்ரிக்கர்_எரர் இருக்கும் வரியைத்தான் காட்டும். தப்பான மதிப்பை அனுப்பிய இடத்தைக் காட்டாது. அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

அடுத்து, இரண்டாவதாகக் கொடுத்த ஈ_யூசர்_வார்னிங். பிழை எவ்வளவு தீவிரமானது என்று சொல்லும் நிலை அது. எதுவும் கொடுக்காவிட்டால் ஈ_யூசர்_நோட்டீஸ் என்று எடுத்துக்கொள்ளும். இங்கேதான் புதியவர்கள் பலரும் இடறுவார்கள்: நோட்டீஸ், வார்னிங் இரண்டுமே நிரலை நிறுத்தாது. செய்தி வந்த பிறகும் அடுத்த வரி அதே -5-ஐ வைத்துக்கொண்டு ஓடும். ஃபங்ஷனுக்குள் இருந்தால் உடனே ரிட்டர்ன் போட்டு வெளியே வந்துவிடுங்கள்.

நிரல் நின்றே ஆகவேண்டும் என்றால் ஈ_யூசர்_எரர் இருந்தது. ஆனால் பி.எச்.பி. 8.4 முதல் ட்ரிக்கர்_எரரில் அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அதற்குப் பதில் த்ரோ மூலம் எக்செப்ஷன் (யாரும் பிடித்துக் கையாளாவிட்டால் நிரலை நிறுத்திவிடும் பிழை) எழுப்புங்கள். புதிதாக எழுதுபவர்கள் இப்போதே அதற்குப் பழகுவது நல்லது.

தமிழில் செய்தி எழுதுபவர்களுக்கு ஒன்று: ட்ரிக்கர்_எரர் 1024 பைட் வரைதான் ஏற்கும், மிச்சத்தை வெட்டிவிடும் என்கிறது பி.எச்.பி. கையேடு. எழுத்துகளைப் பைட்களாகச் சேமிக்கும் யூ.டி.எஃப்-8 முறையில் 'வ' 3 பைட், 'வி' 6 பைட். சுருக்கமாக எழுதுங்கள்.

பயனர் தட்டச்சு செய்த உரையைச் செய்தியில் சேர்த்து, அது பக்கத்திலும் தெரியும் என்றால், முதலில் எச்.டி.எம்.எல்.ஸ்பெஷல்சார்ஸ் என்ற ஃபங்ஷன் வழியாக அனுப்புங்கள். < போன்ற குறிகளை அது வெறும் எழுத்தாக மாற்றிவிடும். இல்லையென்றால் அவர் எழுதிய ஸ்கிரிப்ட் அங்கேயே ஓடக்கூடும்.

அப்புறம், தளம் மக்கள் பயன்பாட்டுக்கு வரும்போது பி.எச்.பி. அமைப்புக் கோப்பில் டிஸ்ப்ளே_எரர்ஸ் ஆஃப், லாக்_எரர்ஸ் ஆன் என்று மாற்றிவிடுங்கள். பிழை பக்கத்தில் தெரியாமல் பதிவேட்டில் மட்டும் எழுதப்படும். கோப்பின் பாதையும் வரி எண்ணும் வெளியாருக்குத் தெரிய வேண்டியவை அல்ல.