பாட்டிக்குப் பரீட்சை வேண்டாம்

எங்கள் அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் முப்பது வருடம் பால் வெட்டியவர். தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றது. ஆனாலும் பசியாறிய கையோடு பேப்பரை விரித்துவிடுவார். போன வருடம் அந்தப் பழக்கம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. கேட்டால், "எல்லாம் பொய்யி, எதைப் படிக்கிறது?" என்பார். ஞாபகம் மங்குகிறது என்று நாங்களே முடிவு கட்டி, புதிர்ப் புத்தகங்களாக வாங்கிக் குவித்தோம். கடைசியில் பார்த்தால் கண்ணில் புரை!

பெரியவர்களை வாசிக்க வைக்கக் கிளம்பும் வீடுகளில் நடக்கும் முதல் தவறு இதுதான். கண்ணைப் பார்க்காமல் மூளையைச் சந்தேகிக்கிறோம். பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் வாங்கிய கண்ணாடி, வயதானால் கிட்டத்து எழுத்து மங்கும் வெள்ளெழுத்துக்கு உதவலாம், புரைக்கு உதவாது. சர்க்கரை நோய் இருந்தால் விழித்திரையும் கெடலாம். லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024-இல் வெளியிட்ட அறிக்கை, முதுமை மறதி நோய் வரும் வாய்ப்பைக் கூட்டுகிற, ஆனால் மாற்ற முடிகிற 14 காரணங்களைப் பட்டியலிட்டது. கவனிக்காமல் விட்ட பார்வைக் குறைவு அந்த ஆண்டு புதிதாகச் சேர்ந்தது. காது கேளாமை, தனிமை, சின்ன வயதில் படிப்புக் குறைவு எல்லாம் முன்பிருந்தே அதில் உண்டு. கடைசியாகச் சொன்னது நம் தோட்டத்துப் பெரியவர்கள் பலருக்குப் பொருந்தும். அவர்கள் விரும்பியா பள்ளியை விட்டார்கள்? சரி, புத்தகம் வாங்கும் முன் கண்ணையும் காதையும் காட்டிவிடுங்கள். உட்காரும் இடத்துக்கு மேலே நல்ல விளக்காக ஒன்று மாட்டுங்கள்.

அடுத்தது, பரீட்சை வைப்பது. "நேத்து என்ன படிச்சீங்க, சொல்லுங்க பார்ப்போம்?" என்று நானே கேட்டிருக்கிறேன். அம்மா பதில் சொல்லவில்லை; எழுந்து துணி மடிக்கப் போய்விட்டார். ஞாபகம் தடுமாறத் தொடங்கியவரிடம் இப்படிக் கேட்டால் மிஞ்சுவது வெட்கம்தான். மறுநாள் பேப்பரைக் கண்டாலே ஒதுங்குவார். இப்போது நான் கேட்பது வேறு: "இது சரியாம்மா?" ஒரு நாள் ரப்பர் விலைச் செய்தியைப் படித்துவிட்டு அப்படித்தான் கேட்டேன். மரத்தில் உறைந்து ஒட்டிய ஒட்டுப்பாலைக்கூட வீணாக்காத கதையில் ஆரம்பித்து, காலையில் பெயர் கூப்பிடும் பிரட்டுக்குத் தாமதமானால் மேற்பார்க்கும் தண்டல் போட்ட சத்தம், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் என்னை விட்டுவிட்டு இருட்டில் மலையேறியது என்று அரை மணி நேரம் போனது. செய்தி நாலு வரிதான். பழசை நினைப்பது, சொல்லைத் தேடிப் பிடிப்பது, நடந்ததைக் கோவையாகச் சொல்வது என்று மூளைக்கு வேண்டிய வேலையெல்லாம் அந்தப் பேச்சிலேயே நடந்துவிட்டது.

அவசரப்பட்டுத் தப்பு கண்டுபிடிப்பதும் உண்டு. "பாட்டிக்கு எழுத்து மறந்துபோச்சு" என்று என் மகன் ஒரு சாமான் சீட்டோடு ஓடிவந்தான். 'தலைவலித் தைலம்' என்று அம்மா எழுதியிருந்த இடத்தில், லகரத்தின் தலைமேல் யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு சுழி. மறதியெல்லாம் இல்லை. தமிழ்நாட்டில் 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வரும் முன் லை, னை, ளை, ணை எல்லாம் அப்படித்தான் எழுதப்பட்டன. அம்மா படித்ததும் அந்த எழுத்துதான். பேரனுக்கு அன்று பாட்டி வாத்தியார் ஆனார்.

படிக்கக் கொடுப்பதிலும் சறுக்குகிறோம். எழுத்து பெரிதாக இருக்கிறது என்று பாலர் கதைப் புத்தகத்தை நீட்டினால் பெரியவர் மனம் நோகும். மனப்பாடமான பக்திப் பாடலை மட்டும் கொடுத்தால் மனம் நிறையும், ஆனால் கண் தாளில் இருக்க வாய் தானாக ஓடும். அதை நிறுத்த வேண்டாம். பக்கத்தில் புதிதாக ஒன்றும் இருக்கட்டும். அம்மா முதலில் புரட்டுவது மரண அறிவிப்புப் பக்கம். எனக்குச் சங்கடம்தான், ஆனால் அவருக்குத் தெரிந்த உலகம் அங்கேதான் இருக்கிறது. விட்டுவிட்டேன்.

நேரமும் முக்கியம். வெயில் ஏறுவதற்குள் பால் நன்றாக வடியும் என்பதால் காலமெல்லாம் விடிவதற்கு முன்பே எழுந்த உடம்பு அது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு புத்தகத்தைக் கொடுத்துவிட்டுத் தூங்குகிறார் என்று குறைப்படக் கூடாது. காலையில் இருபது நிமிடம் போதும், டிவியை அணைத்துவிட்டு.

வாசிப்பு மறதி நோயைக் குணப்படுத்தும் என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நம்ப வேண்டாம். ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பது, பழகிய கடைக்குப் போய் வழி தெரியாமல் நிற்பது என்றால் கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். நேற்றுவரை படித்தவர் இன்று திடீரென்று படிக்க முடியாமல் போனாலோ பேச்சு குழறினாலோ அது பக்கவாதமாக இருக்கலாம், உடனே 999-ஐ அழைத்து ஆம்புலன்ஸ் கேளுங்கள்.

அப்புறம், எழுதப் படிக்கத் தெரியாதவர்களை ஒதுக்கிவிடுகிறோமே, அது பெரிய தவறு. பக்கத்து வீட்டு அத்தைக்கு ஓர் எழுத்தும் தெரியாது. புரை எடுத்த பிறகு அம்மா இப்போது மரண அறிவிப்பைச் சத்தமாகப் படிக்கிறார். பெயரை முடிப்பதற்குள் அத்தை, "எந்தத் தோட்டம்? தகப்பன் பேரு என்னா போட்டிருக்கு?" என்று கேட்டு, அந்தக் குடும்பத்தில் யார் யாரைக் கட்டினார்கள் என்று மூன்று தலைமுறையைச் சொல்லிவிடுகிறார். அதில் பாதியை அம்மா மறுக்கிறார்.