ரிமோட் கோல்ஃப் ட்ராலி: முதலில் நிறுத்தப் பழகுங்கள்

ஊட்டியிலோ கொடைக்கானலிலோ கோல்ஃப் ஆடிப் பழகியவர்கள் பிரிட்டனுக்கு வந்ததும் முதலில் தேடுவது பை சுமக்கும் உதவியாளரான கேடியைத்தான். இங்கே சாதாரண கிளப்களில் கேடி கிடையாது. அவரவர் பையை அவரவரே சுமக்க வேண்டும், இல்லையென்றால் தள்ள வேண்டும். 14 மட்டை, பந்துகள், மழைக்கோட்டு, குடை, தண்ணீர் எல்லாம் சேர்ந்தால் பை 12 கிலோவைச் சுலபமாகத் தாண்டும். 18 குழி முடிக்க நான்கு மணி நேரம் ஆகும். பந்து போன பக்கமெல்லாம் நடப்பதையும் சேர்த்தால் எட்டு, ஒன்பது கிலோமீட்டர் நடை.

முழங்கால் வலி தொடங்கிய வருடம் நான் ரிமோட் ட்ராலிக்கு, அதாவது பையை ஏற்றிக்கொண்டு மோட்டாரில் ஓடும் சின்ன வண்டிக்கு, மாறினேன். அதைப் பார்த்துவிட்டு கிளப்பில் நம் ஆட்கள் நாலைந்து பேர், "அண்ணா, எது வாங்கலாம், எப்படி ஓட்டுவது?" என்று கேட்டார்கள். அவர்களிடம் சொன்னதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். எல்லோரும் எவ்வளவு வேகம் போகும், எவ்வளவு தூரம் ஓடும் என்று கேட்கிறார்கள். நான் சொல்வது, அது எப்படி நிற்கும் என்று முதலில் கேளுங்கள். வாங்கும்போதும் சரி, ஓட்டும்போதும் சரி, மற்ற எல்லாம் அதற்குப் பிறகுதான்.

படி 1: ரிமோட் உங்களுக்குத் தேவையா?

மின்சார ட்ராலியில் மூன்று வகை உண்டு. முதல் வகையில் மோட்டார் இழுக்கும். நீங்கள் கைப்பிடியைப் பிடித்துத் திருப்புவீர்கள். விலை குறைவு. மைதானம் சமதளமாக இருந்து, முழங்காலும் தோளும் நன்றாக இருந்தால் இதுவே போதும். இரண்டாவது, ரிமோட் வகை. மூன்றாவது, ரிமோட்டோடு சேர்த்து உங்களைத் தானாகப் பின்தொடரும் வகை. க்ளௌஸ்டர்ஷயரைச் சேர்ந்த ஸ்டுவர்ட் கோல்ஃப் நிறுவனம் இந்த மூன்றாவது வகைக்குப் பெயர் பெற்றது. ரிமோட்டை இடுப்பில் மாட்டிக்கொண்டு நடந்தால் நாய்க்குட்டி போலப் பின்னாலேயே வரும். பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் புதியவர்களுக்கு இதை நான் சொல்வதில்லை. பின்னால் வருவது கண்ணில் படாது. கண்ணில் படாததை நிறுத்தப் பழகுவது கடினம்.

ரிமோட்டின் உண்மையான பலன் இரண்டு இடங்களில் தெரியும். ஒன்று மேடு ஏறும்போது: இரண்டு கையும் வீசி, முதுகு நேராக நடக்கலாம். இன்னொன்று, குழி இருக்கும் ஒட்ட வெட்டிய புல்தரையான கிரீனை நெருங்கும்போது. உங்கள் பந்து ஒரு பக்கம், அடுத்த டீ (அடுத்த குழிக்கு முதல் அடி அடிக்கும் இடம்) வேறு பக்கம். கையில் கிட்டத்தில் அடிக்கும் மட்டைகளான வெட்ஜும் புட்டரும் எடுத்துக்கொண்டு, ட்ராலியை அடுத்த டீ பக்கமாக அனுப்பி நிறுத்திவிடலாம். திரும்பி வந்து பையை எடுக்கும் நடை மிச்சம். பின்னால் வரும் குழுவும் காத்திருக்க வேண்டாம்.

படி 2: மைதானத்தையும் கார் டிக்கியையும் பாருங்கள்

கடைக்குப் போகும் முன் உங்கள் மைதானத்தை ஒரு தரம் இதற்காகவே நடந்து பாருங்கள். செங்குத்தான இறக்கம் எத்தனை? பக்கவாட்டில் சரியும் ஃபேர்வே (டீக்கும் கிரீனுக்கும் நடுவே உள்ள புல்பாதை) உண்டா? குளமும் ஓடையும் எங்கே? குறுகலான பாலம் உண்டா? இந்த நான்குக்கும் பதில் தெரிந்தால், விற்பனையாளர் காட்டுகிற பெரிய வண்ணத்திரையில் மனம் மயங்காது.

அடுத்து டிக்கி. ரிமோட் ட்ராலிகள் பேட்டரி இல்லாமலே பெரும்பாலும் 12 முதல் 18 கிலோ வரை இருக்கும். மைதானத்தில் முழங்காலைக் காப்பாற்றிவிட்டு, காரில் தூக்கி வைக்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டால் என்ன பயன்? கடையிலேயே மடித்துத் தூக்கிப் பாருங்கள். முடிந்தால் உங்கள் காரிலேயே வைத்துப் பாருங்கள். சக்கரத்தைக் கழற்றினால்தான் டிக்கியில் அடங்கும் என்றால், மழையில் சேறு படிந்த சக்கரத்தை ஒவ்வொரு முறையும் கழற்ற மனம் வருமா என்பதையும் யோசியுங்கள்.

படி 3: கடையில் கேட்க வேண்டியவை

ரிமோட் ட்ராலியில் பின்சக்கரங்கள் இரண்டுக்கும் தனித்தனி மோட்டார் இருக்கும். இடது பக்கம் திரும்ப வேண்டுமென்றால் இடது மோட்டார் மெதுவாகும், வலது மோட்டார் முந்தும். இதைப் புரிந்துகொண்டால் பின்னால் வரும் பல சிக்கல்களுக்குக் காரணம் தானாகவே தெரியும்.

முதல் கேள்வி, இறக்கத்தில் வேகத்தை மோட்டாரே பிடித்துக்கொள்ளுமா என்பது. பிடிக்காத ட்ராலி பையின் எடையில் ஓட ஆரம்பித்துவிடும். கூடவே, சரிவில் நிறுத்தினால் நகராமல் நிற்கும் பார்க்கிங் பிரேக் உண்டா என்று கேளுங்கள். சொல்லை மட்டும் நம்பாமல், கடை வாசலில் சாய்வு இருந்தால் பையோடு ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சின்னச் சக்கரம் அடுத்தது. மேட்டில் கிளம்பும்போது ட்ராலி மல்லாந்து விழாமல் தடுப்பது அதுதான். மைதானம் மேடாக இருந்தால் அது இல்லாத மாடலைப் பார்க்கவே வேண்டாம்.

ரிமோட்டில் பூட்டு உண்டா என்று பாருங்கள். பாக்கெட்டில் போட்டுக் குனிந்தால் பொத்தான் அழுந்தி ட்ராலி தானே கிளம்பிவிடும். அடிக்கடி நடப்பது இது. சிக்னல் அறுந்தால் தானாக நிற்குமா என்பது மாடலுக்கு மாடல் வேறுபடும், அதையும் கேளுங்கள். ரிமோட் 50, 100 மீட்டர் வரை எட்டும் என்று பெட்டியில் போட்டிருக்கும். அந்த எண்ணை வைத்து மாடலைத் தேர்ந்தெடுக்காதீர்கள். 20 மீட்டருக்கு அப்பால் ட்ராலி எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்பதே சரியாகத் தெரியாது.

கடைசியாக, சக்கரத்தை மோட்டாரிலிருந்து விடுவித்துக் கையால் தள்ள முடியுமா? பல மாடல்களில் சக்கரத்தைச் சற்று வெளியே இழுத்து இன்னொரு பள்ளத்தில் பூட்டினால் அது தனியாகச் சுழலும். பதினான்காவது குழியில் பேட்டரி தீர்ந்தால் இதன் அருமை தெரியும்.

மோட்டோகேடி எம்7 ரிமோட், பவாகேடி ஆர்எக்ஸ்1, ஆஸ்திரேலியாவின் எம்ஜிஐ ஸிப் நேவிகேட்டர், ஸ்டுவர்ட்டின் எக்ஸ் வரிசை ஆகியவை இங்கே அதிகம் கண்ணில் படும் மாடல்கள். புதிதாக வாங்கினால் சுமார் 1,000 பவுண்டிலிருந்து 2,000-க்கு மேல் வரை போகும். பழையது வாங்கலாம், தவறில்லை. பேட்டரியின் வயதைக் கேட்டு, ஒரு முழுச் சுற்று ஆடிப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

படி 4: பேட்டரி

பழைய லெட் ஆசிட் பேட்டரி ஒன்றே ஏழெட்டு கிலோ இருக்கும். லித்தியம் இரண்டு, மூன்று கிலோதான். இன்று லித்தியம் தவிர வேறு எதையும் நான் சொல்லமாட்டேன். சில நிறுவனங்கள் லித்தியம் பேட்டரிக்கு ஐந்து வருட உத்தரவாதமும் தருகின்றன.

18 குழிக்கு ஒன்று, 36 குழிக்கு ஒன்று என்று இரண்டு அளவில் விற்பார்கள். நீங்கள் ஆடுவது 18-தான் என்றாலும், மேடு பள்ளமான மைதானமாக இருந்தால் பெரியதை எடுங்கள். குளிர் காலத்தில் பேட்டரியின் சக்தி குறையும், ஈரப் புல்லில் மோட்டார் அதிகம் உழைக்கும். இரண்டும் சேருவது டிசம்பரில்.

வெளியூர் போய் ஆடுபவர்களுக்கு ஒரு கணக்கு. வோல்ட்டை ஆம்பியர் ஹவரால் பெருக்கினால் வாட் ஹவர். 24 வோல்ட், 16 ஆம்பியர் ஹவர் என்றால் 384 வாட் ஹவர். விமானத்தில் 100 வாட் ஹவர் வரை பொதுவாக அனுமதி. 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். அதற்கு மேல் பயணிகள் கொண்டுபோக முடியாது. போர்ச்சுகலின் அல்கார்வுக்குக் கிளம்பும்போது இந்தப் பேட்டரியைப் பெட்டிக்குள் வைத்துவிடாதீர்கள். அங்கே போய் ட்ராலி வாடகைக்கு எடுப்பதே நல்லது.

படி 5: பையைக் கட்டுவது

இதைப் பலர் அலட்சியமாக விடுகிறார்கள். 'என் ட்ராலி எப்போதும் வலது பக்கமே இழுக்கிறது, மோட்டார் கோளாறு போல' என்று சொன்ன நண்பரின் பையைத் திறந்து பார்த்தேன். தண்ணீர் பாட்டில், இருபது பந்து, குடை மூன்றும் ஒரே பக்கத்தில்! பாதியை மாற்றி வைத்ததும் நேராக ஓடியது. எடை இரண்டு சக்கரத்துக்கும் சமமாகப் போக வேண்டும், அவ்வளவுதான்.

பையின் அடிப்பாகத்தைக் கீழ்த் தாங்கியில் நன்றாக உட்கார வைத்து, கீழ்ப் பட்டையை முதலிலும் மேல் பட்டையைப் பிறகும் இறுக்குங்கள். நீளமான மட்டைகள் கைப்பிடிப் பக்கமும், குட்டையானவை கீழேயும் வரட்டும். எடுக்கும்போது ஒன்றோடொன்று சிக்காது. சக்கரங்களில் இடது, வலது என்று குறி இருந்தால் அதன்படியே மாட்டுங்கள்.

படி 6: காலி மைதானத்தில் அரை மணி நேரம்

முதல் நாளே ஆட்டத்துக்குக் கொண்டுபோக வேண்டாம். குளமோ காரோ ஆட்களோ இல்லாத புல்வெளிக்குப் போங்கள். பை கட்டிய ட்ராலியோடு போங்கள். வெறும் ட்ராலி இலகுவாக இருப்பதால் முன்சக்கரம் தூக்கும், பழக்கம் தவறாகிவிடும்.

முதல் பத்து நிமிடம் ஒரே வேலை: கிளப்பு, நிறுத்து. ரிமோட்டைப் பார்க்காமல் கட்டைவிரல் நிறுத்தும் பொத்தானுக்குத் தானாகப் போகும் வரை இதையே செய்யுங்கள். பொத்தானை அழுத்திய பிறகு எத்தனை அடி ஓடி நிற்கிறது என்று கவனியுங்கள். சமதளத்தில் ஒரு கணக்கு, இறக்கத்தில் வேறு கணக்கு.

பிறகு திருப்பம். பொத்தானை அழுத்திப் பிடித்தால் ட்ராலி சுற்றிவிடும். தட்டித் தட்டி விடுங்கள். ஒரு தட்டு, பார்வை, இன்னொரு தட்டு. நீங்கள் ட்ராலிக்குப் பின்னால் இருக்கும் வரை இடது இடதுதான். அது உங்களைப் பார்த்து வரும்போது இடமும் வலமும் மாறிவிடும். புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். பதறித் திருப்ப முயலாமல் நிறுத்துங்கள். நடந்து அதன் பின்னால் போய் மறுபடி கிளப்புங்கள்.

அப்புறம் பக்கவாட்டுச் சரிவு. ட்ராலி மெல்ல மெல்லப் பள்ளத்துப் பக்கம் இறங்கும். மேட்டுப் பக்கமாகச் சற்றுக் குறி வைத்து அனுப்பினால் நேர்க்கோட்டில் போகும். ஈரமான நாளில் இந்தச் சறுக்கல் கூடும்.

படி 7: ஆட்டத்தில்

ட்ராலி உங்களுக்கு மூன்று, நான்கு மீட்டர் முன்னால், உங்கள் நடை வேகத்திலேயே போகட்டும். பாலம், சாலை, கார் நிறுத்துமிடம், ஆட்கள் கூடியிருக்கும் இடம் ஆகியவற்றில் ரிமோட்டை விட்டுவிட்டுக் கைப்பிடியைப் பிடித்து ஓட்டுங்கள்.

வாங்கிய மூன்றாவது வாரம் எனக்கு நடந்தது இது. ஏழாவது குழி, குளத்தை நோக்கிய மெல்லிய சரிவு. ட்ராலியை நிறுத்தியதாக நினைத்துக்கொண்டு நண்பரின் பந்தைத் தேடப் போனேன். பார்க்கிங் பிரேக் விழவில்லை. தலை நிமிர்ந்தபோது ட்ராலி தண்ணீரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. கரையோர நாணல் தடுத்ததால் பை நனைந்ததோடு போயிற்று. அன்றிலிருந்து சரிவில் நிறுத்தினால் ட்ராலியைக் குறுக்காகத் திருப்பி, மூன்று விநாடி நின்று பார்த்து, ரிமோட்டைப் பூட்டிய பிறகுதான் நகர்கிறேன்.

கிரீன், டீ மேடை, பங்கர் (மணல் குழி) ஆகியவற்றின் மேல் ட்ராலி போகக்கூடாது. கிரீனுக்கும் அருகிலுள்ள பங்கருக்கும் நடுவே இருக்கும் ஒடுக்கமான புல்லிலும் விடாதீர்கள். குளிர் காலத்தில் பல கிளப்கள் ட்ராலியை முழுவதுமாகத் தடை செய்யும், அல்லது 'ஹெட்ஜ்ஹாக்' எனப்படும் முள் பதித்த சக்கரம் மாட்டினால்தான் விடும். கிளம்பும் முன் கிளப்புக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

விதிகளில் மூன்று விஷயம். ட்ராலி உங்கள் உபகரணமாகவே கணக்கில் வரும். நின்றுகிடக்கும் உங்கள் பந்தை அது இடித்து நகர்த்தினால் ஓர் அடி (ஸ்ட்ரோக்) கூடுதலாகச் சேரும் தண்டனை, பந்தைப் பழைய இடத்தில் வைக்க வேண்டும். தொலைந்த பந்தைத் தேடும்போது தற்செயலாக நகர்ந்தால் தண்டனை இல்லை. ஓடுகிற பந்து தற்செயலாக உங்கள் ட்ராலியில் பட்டால் 2019 முதல் தண்டனை கிடையாது. ஆனாலும் புல் உயரமாக வளர்ந்த ரஃபுக்குள் ட்ராலியை முன்னால் அனுப்பாதீர்கள். பந்து எங்கே கிடக்கிறது என்று உங்களுக்கே தெரியாத இடம் அது. திரையில் ஜிபிஎஸ் இருந்தால் தூரம் பார்க்கலாம். போட்டியில் மேடு பள்ளக் கணக்குக் காட்டும் வசதியை அணைத்து வையுங்கள்.

படி 8: வீட்டுக்கு வந்த பிறகு

பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஈரத் துணியால் சேற்றைத் துடையுங்கள். அழுத்தக் குழாயில் தண்ணீர் அடிக்க வேண்டாம், மோட்டாருக்குள் போய்விடும். சக்கரத்தைக் கழற்றி, அச்சில் சுற்றியிருக்கும் புல்லை எடுத்துவிடுங்கள். ஒரு பக்கம் புல் சுற்றிக்கொண்டாலும் ட்ராலி அந்தப் பக்கம் இழுக்கும்.

சார்ஜ் ஏற்ற, கூட வந்த சார்ஜரை மட்டும் பயன்படுத்துங்கள். நீங்கள் விழித்திருக்கும் நேரத்தில், எரியும் பொருள்கள் பக்கத்தில் இல்லாத இடத்தில் ஏற்றுங்கள். கீழே விழுந்து உடைந்த, உப்பிய பேட்டரியைச் சார்ஜில் போடவே கூடாது. உறைபனிக் குளிரில் லித்தியம் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றினால் அது கெடும். ஜனவரியில் கராஜிலிருந்து வீட்டுக்குள் கொண்டுவந்து, குளிர் போன பிறகு ஏற்றுங்கள். மாதக்கணக்கில் ஆடப்போவதில்லை என்றால் பாதிக்குச் சற்று மேல் சார்ஜ் வைத்துக் கழற்றி வையுங்கள். ரிமோட்டுக்குள்ளும் ஒரு பேட்டரி இருக்கிறது. அது சாதாரண செல் என்றால் மாற்று செல் ஒன்று எப்போதும் பையின் பக்கப் பாக்கெட்டில் இருக்கட்டும்.