மீட்பு ரூட்டீனே விழுந்தால்: ஈஸ்டேஎக்ஸில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோலாலம்பூரில் ஒரு வங்கியின் இரவு பேட்ச், அதாவது தொகுப்பு வேலை, ஐபிஎம் மெயின்பிரேமில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 12 வெள்ளி 50 காசு, பேக்ட் டெசிமலில் (அரை பைட்டுக்கு ஓர் இலக்கம், கடைசி அரை பைட்டில் குறி) 01250சி என்று மூன்று பைட்டில் அடங்கும். அந்த இடத்தில் வெற்றிடம், அதாவது 404040, வந்து உட்கார்ந்தால் கடைசி அரை பைட்டில் கூட்டல், கழித்தல் குறி இருக்காது. கூட்டல் கட்டளை எஸ்0சி7 அபெண்டில், அதாவது தரவுப் பிழையால் நிரல் பாதியில் நிற்பதில், விழும். இதைப் பிடிக்கத்தான் அசெம்பிளர் நிரலில் ஈஸ்டேஎக்ஸ் (ESTAEX) மேக்ரோவால் மீட்பு ரூட்டீன் வைக்கிறோம்; அபெண்ட் வந்தால் சிஸ்டம் அதை அழைக்கும். அந்த ரூட்டீனே விழுந்தால் பிழை எங்கே தொடங்கியது என்று தேடுவது இரட்டிப்பு வேலை.

நுழைந்ததும் பழக்கதோஷத்தில் ரெஜிஸ்டர்களை ரெஜிஸ்டர் 13 காட்டும் இடத்தில் சேமிப்பதுதான் மிக மோசமான தவறு. முதலில் ரெஜிஸ்டர் 0-வைப் பாருங்கள். அதில் 12 இருந்தால் சிஸ்டத்தால் எஸ்டிடபிள்யூஏ (SDWA), அதாவது பிழை விவரங்கள் அடங்கிய நினைவகப் பகுதி, தர முடியவில்லை என்று பொருள். அப்போது 13-இல் சேமிப்பிடமும் கிடையாது. அபெண்ட் குறியீடு 1-இலும், நீங்கள் கொடுத்த பாராமீட்டர் முகவரி 2-இலும் வரும். அடுத்து என்ன செய்வது என்று சிஸ்டத்துக்குச் சொல்லும் செட்ஆர்பி மேக்ரோவும் இங்கே உதவாது. மறுபடி ஓட வேண்டுமானால் 15-இல் 4, 0-இல் ரீட்ரை முகவரி (நிரல் மறுபடி தொடங்க வேண்டிய இடம்) என்று கையால் வைக்க வேண்டும். பேஸ் ரெஜிஸ்டரையும் (நிரலின் முகவரிகளுக்கு அடிப்படையானது) ரூட்டீனின் தொடக்க முகவரி இருக்கும் 15-இலிருந்து நீங்களே அமைத்துக்கொள்ள வேண்டும். ரெஜிஸ்டர் 12-இல் இருந்த பழைய பேஸ் உங்களுக்காகக் காத்திருக்காது. இந்தப் பாதை சோதனையில் அரிதாகவே ஓடும். அதனால்தான் அதைக் கண்ணால் இரண்டு முறை படிக்கச் சொல்கிறோம்.

எஸ்டிடபிள்யூஏ கிடைத்தாலும் ஒரு பொறி உண்டு. பழைய ஈஸ்டே மேக்ரோவில், எஸ்டிடபிள்யூஏவுக்குள் இருக்கும் எஸ்டிடபிள்யூஏபார்ம் புலம் நேரடியாகப் பாராமீட்டர் முகவரியைத் தரும். ஈஸ்டேஎக்ஸில், 31 பிட் நிலையில், அது ஒரு 8 பைட் இடத்தைக் காட்டும். உண்மையான முகவரி அதன் முதல் 4 பைட்டில். மேக்ரோ பெயரை மட்டும் மாற்றிவிட்டு இந்த ஒரு லோடைச் சேர்க்க மறந்தால், ரூட்டீன் தப்பான இடத்தைப் படித்து எஸ்0சி4 (நினைவக அணுகல் பிழை) வாங்கும்.

ரீட்ரைக்கு எண்ணிக்கை வையுங்கள். கெட்ட ரெக்கார்டைத் தாண்டாமல் அதே கட்டளைக்குத் திரும்பினால் அதே எஸ்0சி7, அதே ரூட்டீன், விடியும்வரை சுழற்சி. பாராமீட்டர் பகுதியில் ஓர் எண்ணி போதும்: மூன்றைத் தாண்டினால் செட்ஆர்பியில் ஆர்சி=0, அபெண்ட் அடுத்த மேல்நிலை மீட்பு ரூட்டீனுக்குப் போகட்டும். ரீட்ரைக்கு அனுமதி இல்லை என்று காட்டும் எஸ்டிடபிள்யூஏகிளப் பிட் போட்டிருந்தால் ரீட்ரை கேட்கவே கூடாது. ரீட்ரைக்கு முன் அபெண்ட் குறியீடு, பிஎஸ்டபிள்யூ (நிரல் எந்தக் கட்டளையில் நின்றது என்று காட்டும் சொல்), பிழை நேர ரெஜிஸ்டர்கள் மூன்றையும் உங்கள் இடத்தில் எடுத்துவையுங்கள். எஸ்டிடபிள்யூஏ போன பிறகு தடயம் இல்லை.

கடைசியாக, பிராஞ்ச் மூலம் அழைக்கப்பட்ட சப்ரூட்டீன் திரும்பும் எல்லா வழிகளிலும் மீட்பு ரூட்டீனை ரத்து செய்யும் ஈஸ்டேஎக்ஸ் 0 இருக்கிறதா என்று பாருங்கள். விட்டுப்போனால், மாட்யூல் நீக்கப்பட்ட பின்னும் மீட்பு ரூட்டீனின் முகவரி உயிரோடு இருக்கும். அடுத்த அபெண்டில் சிஸ்டம் வெற்றிடத்துக்குள் குதிக்கும்.